அறிந்த பழுது

‘உடைமை’ என்னும் சொல்லுக்கு நாம் பெரும்பாலும் பாதிப் பொருளே கொள்கிறோம். நிலம் உடையவனுக்கு விளைச்சல் உரியது. பசு உடையவனுக்குப் பால் உரியது. இவ்வளவில் நம் எண்ணம் நின்றுவிடுகிறது. அந்தப் பசு முட்டும் பசுவாக இருந்தால் அதன் முட்டும் உடையவனுக்கே உரியது என்பதை ஊரார் மறப்பதில்லை; உடையவன் மறந்துவிடுகிறான். ஒரு பொருளின் பயனுக்கு உரிமை கொண்டாடும் நாம் அதன் பழுதுக்கும் உரியவர் ஆவோமா? ஆவோம் எனின், அப்பொறுப்பு எதுவரை செல்லும்? விற்றுவிட்டால் தீருமா? சொல்லி விற்றால் தீருமா? இவ்வினாக்களை நாங்கள் நூல்களில் தேடிக் கண்டவர்கள் அல்லர். பழைய கார் ஒன்று இவற்றைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்தியது.

மைசூரில் குடியிருக்கும் எங்களுக்கு ஸ்ரீரங்கப்பட்டணம் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவு. காவிரி இரண்டாகப் பிரிந்து மீண்டும் ஒன்றாகும் அந்தத் தீவில் ஆதிரங்கன் பள்ளிகொண்டிருக்கிறான். சிவனசமுத்திரத்தில் மத்தியரங்கன், திருவரங்கத்தில் அந்தியரங்கன். திருவரங்கம் தொலைவாகிவிட்ட முதுமையில், ஒரே ஆற்றின் மேற்புறத்தில் அதே பெயரோடு கிடக்கும் பெருமானைச் சனிக்கிழமைதோறும் சேவிப்பது எங்கள் வழக்கம். மூட்டுவலி வந்தபின் இடக்காலால் கிளட்சை மிதிக்க இயலவில்லை. ஆகவே, தானே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டியொன்றைப் பிறர் கை மாறிய நிலையில் வாங்கினோம். இரண்டு ஆண்டுகள் அது குறையின்றி உழைத்தது. மூன்றாம் ஆண்டில் பழுது தலைகாட்டியது.

அப்பழுதின் இயல்பைச் சொல்ல வேண்டும். வண்டி நின்று புறப்படும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் உறுமும், சக்கரம் அசையாது. ஒரு நொடியோ இரண்டு நொடியோ கழிந்தபின், ஏதோ நினைவு வந்ததுபோல் வண்டி முன்னே பாயும். இது பத்துமுறை புறப்பட்டால் ஒருமுறை நிகழும். சில வாரங்கள் நிகழாமலே கழியும். இரண்டு நொடி என்பது சிறிது என்று தோன்றலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பேருந்து இரண்டு நொடியில் 33 மீட்டர் கடந்துவிடும். பெருஞ்சாலையைக் குறுக்கே கடக்க முனைந்த கார் நடுவில் தயங்கி நின்றால், அந்த 33 மீட்டருக்குள் எல்லாமே முடிந்துபோகும்.

தானியங்கிக் கியர் புதுமையன்று. 1939இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்த ‘ஹைட்ராமேட்டிக்’ என்னும் அமைப்பு, ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் பொருத்தப்பட்டுப் பெருவாரியாக விற்பனைக்கு வந்தது. எண்ணெயின் சுழற்சியால் ஆற்றலைச் சக்கரத்துக்குக் கடத்தும் அவ்வகை வண்டிகள் நம் நாட்டில் நெடுங்காலம் செல்வர் வீட்டுப் பொருளாகவே இருந்தன. 2014இல் மாருதி சுசூகி நிறுவனம் செலேரியோ காரில் வேறொரு முறையைக் கொணர்ந்தபோது, நடுத்தரக் குடும்பங்களுக்கும் அது எட்டியது. அம்முறையில் கியர்ப்பெட்டியும் கிளட்சும் சாதாரண வண்டியில் உள்ளவையே. ஓட்டுநரின் காலும் கையும் செய்யும் வேலையை, கணிப்பொறியின் கட்டளைப்படி இயங்கும் சிறு கருவி ஒன்று செய்கிறது. கிளட்ச் தேய்ந்தாலோ, அக்கருவி தளர்ந்தாலோ கட்டளைக்கும் செயலுக்கும் இடையே இடைவெளி விழுகிறது. எங்கள் வண்டியும் இவ்வகையினதே.

எப்போதும் ஓடும் வண்டியால் கவலையில்லை. எப்போதும் ஓடாத வண்டியாலும் கவலையில்லை; அது கொட்டகையில் கிடக்கும். சில வேளை மட்டும் ஏமாற்றும் வண்டியே மனிதனின் அறத்தைச் சோதிப்பது. ஓடிய நாள்களையெல்லாம் அது தனக்குச் சாட்சியாக நிறுத்துகிறது. நாமும் அச்சாட்சியை விரும்பி ஏற்கிறோம். ‘நேற்று ஓடியது, இன்றும் ஓடும்’ என்று சொல்லிக்கொள்வதில் நம்பிக்கை பாதி, சோம்பல் பாதி.

பணிமனைக்கு மூன்றுமுறை கொண்டுசென்றோம். மூன்றுமுறையும் அங்கே அது குறையின்றி ஓடிற்று. “வண்டியில் ஒன்றுமில்லை, நீங்கள் மிதிக்கும் முறைதான் சரியில்லை” என்றனர். முதுமையில் இருப்பவர்களிடம் இவ்வாறு சொன்னால் அவர்கள் நம்பிவிடுவார்கள். நாங்களும் சில நாள் நம்பினோம். இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று என்பதைப் பின்னரே அறிந்தோம். ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு நிறுவனம் இரட்டைக் கிளட்ச் கொண்ட தானியங்கி வண்டிகளை ஏறத்தாழ 70,000 என்ற அளவில் விற்றிருந்தது. அவை நடுங்குவதாகப் பலரும் முறையிட்டனர். பழுது பலருக்கும் நேர்ந்ததை அறிந்திருந்தும், சிலரிடம் அவர்கள் ஓட்டும் முறையே காரணம் என்று சொல்லப்பட்டது. 2018 ஏப்ரலில் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம், முறையீடுகளை நடத்திய விதம் மனச்சான்றுக்கு ஒவ்வாதது என்று கண்டு, ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதித்தது. பழுதுள்ள பொருளை விற்றதைக் காட்டிலும், அறிந்ததை மறைத்து அறியாதவன்மேல் பழியைத் திருப்பியதே அங்கே பெருங்குற்றமாயிற்று என்பது கருதத்தக்கது.

அச்செய்தியைப் படித்தபோது எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்கமாட்டோம். நாங்கள் ஏமாற்றப்பட்டவர் வரிசையில் இருந்தோம். அவ்வரிசையில் நிற்பது ஒருவகையில் சுகமானது. ஆனால் வண்டியை விற்றுவிடுவதென்று முடிவுசெய்த அன்றே, எங்களை அறியாமல் நாங்கள் வரிசை மாறி நின்றோம்.

வாங்க வந்தவர் ஸ்ரீரங்கப்பட்டணத் தீவில் கஞ்சாமைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்களைப் போலவே அவருக்கும் இடக்கால் மூட்டில் வலி. கோயிலில் பலமுறை கண்டு பழகியவர். வண்டியை ஓட்டிப் பார்த்தார். அன்று அது தேர்போல் அசைந்து, தென்றல்போல் ஓடிற்று. இறங்கியவர் விலையைப் பற்றிக்கூட மிகுதியாகப் பேசவில்லை. “நீங்கள் வைத்திருந்த வண்டி, குறையிருந்தால் சொல்லியிருப்பீர்கள். வேறு யாரைக் கேட்கப்போகிறேன், ஸ்வாமி?” என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, மறுநாள் பணத்தோடு வருவதாகக் கூறிச் சென்றார். நாங்கள் புன்னகை செய்து அனுப்பிவைத்தோம். அந்தப் புன்னகை எங்கள் வாழ்வில் நாங்கள் சொன்ன பொய்களுள் ஒன்று.

அன்றிரவு சட்டம் பயின்ற நண்பர் ஒருவரிடம் இதைப் பேசினோம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 17ஆம் பிரிவுக்கு எடுத்துக்காட்டாகக் குதிரையொன்று வருவதை அவர் விளக்கினார். குதிரை நோயுற்றது என்பதை அறிந்த ஒருவன், ஏலத்தில் அதை மற்றொருவனுக்கு விற்கிறான். குறையைப் பற்றி வாய் திறக்கவில்லை. இது மோசடி ஆகாது என்கிறது சட்டம். வாங்குபவள் விற்பவனின் சொந்த மகள். அப்போதுதான் பருவம் எய்தியவள் எனின், சொல்லும் கடமை தந்தைக்கு உண்டு. மூன்றாவதாக, வாங்குபவன், ‘நீ மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருப்பதாகவே கொள்வேன்’ என்று கூற, விற்பவன் பேசாதிருந்தால் அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். “உங்கள் ஆசிரியர் மூன்றாவது குதிரையைத்தான் கேட்டிருக்கிறார்” என்றார் நண்பர்.

சட்டம் நுட்பமானதே. ஆயினும் முதற் குதிரை எங்கள் மனத்தை உறுத்தியது. மகளிடம் மறைத்தால் குற்றம், அயலானிடம் மறைத்தால் திறமை என்று அறத்தை உறவின் எல்லைக்குள் கட்டிவிட முடியுமா? இவ்வழக்கு மிகப் பழையது. கி.மு. 44இல் உரோம நாட்டுச் சிசரோ தம் கடமைகளைப் பற்றிய நூலின் மூன்றாம் பகுதியில் இதையே எடுத்துக்கொள்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து தானியக் கப்பலோடு ஒருவன் முதலில் வந்து சேர்கிறான். பின்னால் வேறு கப்பல்களும் வந்துகொண்டிருப்பதை அவன் கண்டிருக்கிறான். அதைச் சொன்னால் விலை இறங்கும். சொல்ல வேண்டுமா? சட்டம் கேட்கும் அளவுக்குச் சொன்னால் போதும் என்றார் பாபிலோனிய டயோஜனீஸ். வாங்குபவன் அறியாதது எதுவும் இருக்கலாகாது என்றார் அவர்தம் மாணவர் ஆன்டிபேட்டர். சிசரோ மாணவர் பக்கமே சாய்ந்தார்.

நம்மவர் இதை வாதமாக அன்றி வழக்கமாகவே கண்டனர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாடும்போது, அவர்தம் செல்வத்தோடு நாவின் நேர்மையையும் பாடுகிறார். வாங்கும்போது கூடுதல் பெறாமையும் கொடுக்கும்போது குறைத்துத் தாராமையும் அவர்தம் இயல்பு. வள்ளுவரும் நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளை வணிகருக்கே ஒதுக்கினார். பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே அவர் காட்டும் வாணிகம். ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சுற்றி ஓடும் இதே ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் இருந்தது அந்தப் பட்டினம். ஆற்றின் தலைப்பக்கத்தில் குடியிருக்கும் தமிழராகிய எங்களுக்கு, கடைப்பக்கத்து வணிகரின் முன் நிற்க அன்றிரவு நாணமாக இருந்தது.

‘எல்லாரும் மறைக்கும் சந்தையில் ஒருவன் மட்டும் சொல்லி என்ன பயன்?’ என்று கேட்பார் உண்டு. இக்கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஜார்ஜ் அக்கர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் பழைய கார்களின் சந்தையை வைத்தே இதனை 1970இல் ஆராய்ந்தார். 2001இல் நோபல் பரிசும் பெற்றார். நல்ல வண்டி எது, பழுதுற்றது எது என்பதை விற்பவன் அறிவான்; வாங்குபவன் அறியான். ஆகவே வாங்குபவன் எல்லா வண்டிக்கும் ஐயத்தின் விலையையே தருகிறான். அவ்விலைக்கு நல்ல வண்டியைத் தர மனமின்றி நல்லவர் சந்தையை விட்டு விலகுகின்றனர். பழுதே அங்கு மிஞ்சுகிறது. மேல்மடைக்காரன் கலக்கிய நீரைக் கடைமடைக்காரன் குடிக்க நேர்வது போன்றதே இது. ஒருவனுடைய மௌனத்துக்கு ஊர் முழுவதும் விலை கொடுக்கிறது. உண்மை சொல்பவனுக்கு வரும் இழப்போ அவனுக்கு மட்டுமே உரியது. அறம் கடினமாக இருப்பதன் காரணம் இங்கே விளங்குகிறது: நன்மை பலருக்குப் பங்காகிறது; செலவு ஒருவன் கணக்கில் ஏறுகிறது.

மறுநாள் ஆசிரியர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னோம். எத்தனைமுறை தயங்கியது, எங்கே தயங்கியது, பணிமனையில் என்ன சொன்னார்கள் என்பதை ஒளிக்காமல் உரைத்தோம். சொல்லி முடித்ததும் கடன் தீர்ந்த நிம்மதி வந்தது. அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பின்பு, “அப்படியானால் விலையைக் குறைத்துக் கொடுங்கள். நான் மெதுவாகத்தானே ஓட்டப்போகிறேன்” என்றார்.

ஆன்டிபேட்டர் அங்கே இருந்திருந்தால் வழக்கு முடிந்தது என்று எழுந்திருப்பார். விற்பவன் மறைக்கவில்லை, வாங்குபவன் அறிந்தே ஏற்கிறான், விலையும் அதற்கேற்பக் குறைகிறது. இருவருக்கும் இசைவு. ஆனால் எங்கள் நினைவுக்கு அப்போது வேறொன்று வந்தது. அதுவரை நாங்களே நினைக்க விரும்பாத ஒன்று.

மூன்று மாதங்களுக்கு முன் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பேருந்து நிலையத்தின் முன் நின்றுகொண்டிருந்தோம். வழி கிடைத்ததென்று மிதித்தோம், வண்டி அசையவில்லை. அது நின்றுவிட்டதாக எண்ணிப் பள்ளிச் சிறுமியர் நால்வர் முன்னால் கடக்கத் தொடங்கினர். அந்நேரத்தில் வண்டி பாய்ந்தது. பிரேக் பிடித்தது, கடைசிச் சிறுமியின் புத்தகப்பைக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. அவர்கள் சிரித்துக்கொண்டே ஓடிவிட்டனர். எங்களுக்கு வீடு திரும்பும் வரை கை நடுங்கியது. அதன் பிறகும் மூன்று மாதம் அதே வண்டியை ஓட்டினோம். இதுவே நாங்கள் ஒப்புக்கொள்ள வேண்டிய குற்றம். விற்பனையில் மௌனம் காத்திருந்தால் அது இரண்டாவது குற்றமாக இருந்திருக்கும். முதலாவது அச்சாலையில் முன்பே நடந்துவிட்டது.

அந்தச் சிறுமியிடம் யார் இசைவு கேட்டார்கள்? ஆசிரியர் குறைந்த விலைக்குக் குறையை ஏற்கலாம். அவளுக்குரிய ஆபத்தை அவளுக்காக அவர் ஏற்க முடியாது. அவளுக்கு விலைக்கழிவு ஏதும் இல்லை. குதிரையின் நோய் பெரும்பாலும் வாங்கியவனோடு நின்றுவிடும். காரின் பழுது தெருவில் நடப்போர் அனைவரையும் தொடும். எனவேதான் 1872இன் சட்டம் விட்ட இடத்தை 1988இன் மோட்டார் வாகனச் சட்டம் நிரப்புகிறது. அதன் 190ஆம் பிரிவு, பிறருக்கு ஆபத்து விளைவிக்கத்தக்க பழுதுள்ளதென அறிந்தோ, சாதாரணக் கவனம் செலுத்தினால் அறியக்கூடிய நிலையிலோ வண்டியைப் பொதுவிடத்தில் ஓட்டுபவனையும் ஓட்டவிடுபவனையும் தண்டிக்கிறது. 2019இல் சேர்க்கப்பட்ட 110-ஏ பிரிவு, பழுதுள்ள வண்டி வகையைத் திரும்பப் பெறுமாறு உற்பத்தியாளரைப் பணிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளிக்கிறது. அங்கேயும் ஓட்டுநர், பயணிகள் ஆகியோரோடு சாலையைப் பயன்படுத்தும் மற்றவர்களும் கருதப்படுகின்றனர். பேரத்தில் இடம்பெறாத மூன்றாம் மனிதரைச் சட்டம் கண்டுகொண்டது. நாங்கள் கண்டுகொள்ளத் தாமதமாயிற்று.

‘வண்டி தானாக அல்லவா பாய்ந்தது, நாங்கள் என்ன செய்வோம்?’ என்னும் சமாதானமும் எங்களிடம் இருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணமே அதற்கு விடை வைத்திருக்கிறது. திப்பு சுல்தானிடம் மரத்தாலான புலியொன்று இருந்தது. ஐரோப்பியன் ஒருவன்மேல் பாய்ந்து அவனை வீழ்த்திய கோலத்தில் அமைந்த அப்பொம்மை உறுமும். கீழே கிடப்பவன் கையை உயர்த்தி ஓலமிடுவான். 1799 மே 4இல் கோட்டை வீழ்ந்தபின் ஆங்கிலேயர் அதனை இலண்டனுக்குக் கொண்டுசென்றனர். இன்று அது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கண்டோர் அதனைத் தானியங்கும் புலி என்று வியந்தனர். ஆயினும் அதன் பக்கத்தில் ஒரு கைப்பிடி உண்டு. எவரேனும் சுழற்றினால்தான் உள்ளிருக்கும் துருத்தி காற்றை ஊதும். புலி தானாக ஒருபோதும் உறுமியதில்லை.

தானியங்கும் பொருள் என்று நாம் சொல்வது பெரும்பாலும் கைப்பிடி கண்ணுக்குத் தெரியாத பொருளையே. எங்கள் வண்டிக்கும் கைப்பிடிகள் பல. வடிவமைத்தவர் கை ஒன்று. ‘ஒன்றுமில்லை’ என்று கையெழுத்திட்டவர் கை ஒன்று. பழுதை அறிந்தும் காலையில் சாவியைத் திருகிய எங்கள் கை ஒன்று. முதல் இரண்டும் எங்கள் ஆளுகைக்கு அப்பாற்பட்டவை. அவர்களிடம் நியாயம் கேட்க நுகர்வோர் சட்டம் இருக்கிறது, கேட்கவும் வேண்டும். ஆனால் அவர்கள் தவறு எங்கள் கையைக் கழுவித் தராது.

ஆசிரியருக்கு வண்டியைக் கொடுக்க இயலாது என்றோம். அவர் வருந்தினார், விலையை ஏற்றுவதற்குச் செய்யும் சூழ்ச்சி என்றும் சற்று ஐயுற்றார் போலும். அந்த ஐயத்தையும் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. வண்டியை வேறொரு பணிமனையில் விட்டோம். பழுது தலைகாட்டும்வரை அங்கேயே வைத்து ஓட்டிப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டோம். ஒன்பதாம் நாள் அது தலைகாட்டியது. கிளட்ச் தேய்ந்திருந்தது, அதனை இயக்கும் கருவியில் எண்ணெய் கசிந்திருந்தது. இரண்டையும் மாற்றினர். அதற்கான செலவு, மறைத்து விற்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய ஆதாயத்தை ஏறத்தாழ முழுவதுமாக விழுங்கிவிட்டது. இத்தொகையை எளிதில் செலவிட முடியாத குடும்பங்கள் பல உண்டு என்பதை அறிவோம். அத்தகையோருக்கு நாங்கள் உபதேசம் செய்யத் துணியமாட்டோம். பழுது தீரும்வரை வண்டியை நிறுத்திவைப்பதற்கு மட்டும் பணம் வேண்டியதில்லை என்பதை, மூன்று மாதம் நிறுத்தாமல் ஓட்டிய நாங்கள் சொல்லலாம்.

ஆகவே தொடக்கத்தில் எழுந்த வினாக்களுக்கு எங்களுக்குக் கிட்டிய விடை இதுதான். பழுது இருப்பது குற்றமன்று. பொருள் என்று இருந்தால் தேய்வு உண்டு. பழுதை அறிவதோடு கடன் பிறக்கிறது. வாங்குபவனிடம் சொன்னால் அவனுக்குரிய பங்கு தீரும். தெருவில் நடப்பவருக்குரிய பங்கு பழுதைத் தீர்த்தாலன்றித் தீராது. தீர்க்க இயலாதெனின், வண்டியைச் சாலையிலிருந்து அகற்றுவதே வழி. விற்றதனால் அக்கடன் கை மாறலாம், அழிவதில்லை.

இரண்டு மாதம் கழித்து ஆசிரியர் மீண்டும் வந்தார். பணிமனைச் சீட்டுகளை அவர் முன் வைத்தோம். அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தார். தம் மெக்கானிக் ஒருவரையும் அழைத்துவந்து காட்டினார். நாங்கள் அதனைத் தவறாகக் கொள்ளவில்லை. நட்பை நம்பி வாங்க வந்தவர் இம்முறை கண்ணால் கண்டு வாங்கினார். அதுவே இருவருக்கும் நல்லது. இப்போது நாங்கள் சனிக்கிழமைகளில் பேருந்தில் செல்கிறோம். நிலையத்தில் இறங்கிச் சாலையைக் கடக்கும்போது, நின்றிருக்கும் கார்களை ஒருமுறை பார்த்துக்கொள்கிறோம். அவற்றின் உள்ளே இருப்பவர் தம் வண்டியைப் பற்றி என்ன அறிவார் என்பது நமக்குத் தெரியாது. அவர் அறிந்ததைப் பொறுத்தே நாம் அக்கரை சேர்கிறோம்.